பச்சைக் கொம்பு

அவரைப் பற்றி எழுதுவதற்கு முன்னர் என்னைப் பற்றிச் சில வரிகள் எழுத வேண்டியிருக்கிறது. என் நிலை இன்னதென்று தெரியாவிட்டால் அவர் செய்ததன் பாரம் விளங்காது.

நான் கொழும்பில் விடுதியில் தங்கிக் கல்லூரிப் படிப்பை முடித்தவன். புத்தளத்தில் எங்கள் குடும்பத்துக்கு உப்பளமும், எலுவன்குளம் போகும் வீதியில் ஐம்பது ஏக்கர் கஜு, அதாவது முந்திரித் தோட்டமும் இருந்தன. முப்பத்தைந்து வயதுக்குள் சமாதான நீதவான் ஆனேன். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தேன். பிறைக் கணக்கில் ஐயம் வந்தால் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஊரார் கலைந்து போவார்கள். இரட்டைக் குழல் துவக்கு ஒன்று உரிமத்தோடு என் பெயரில் இருந்தது. பயிரைப் பாதுகாப்பதற்கென்று தரப்பட்ட உரிமம் அது, மானுக்குச் செல்லாது. இருந்தும் நான் மான் சுட்டிருக்கிறேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன். வெளியில் தெரிந்திருந்தால் உரிமமும் போயிருக்கும், பதவியும் போயிருக்கும். தெரியவில்லை. என் பெயர் எந்த வழக்கிலும், எந்த வாய்ச்சண்டையிலும் அடிபட்டதில்லை.

அவர் எங்கள் கஜுத் தோட்டத்தின் காவலாளி. என்னிலும் பத்து வயது மூத்தவர் என்பதால் நானா என்று அழைப்பேன். அவருடைய பெயரை இங்கு எழுதப் போவதில்லை. ஒரு முறை அந்தப் பெயர் ஒரு பொய்யோடு சேர்த்துத் தாளில் ஏறியது. அது எனக்காக ஏறியது. மறுபடியும் அதைத் தாளில் ஏற்ற எனக்கு மனமில்லை.

உயர்ந்த, மெலிந்த உடம்பு. நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி முதலில் மண்ணைத் தொடும். சாரத்துக்கு மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டி, அதில் ஒரு சிறு துணிப் பையைச் செருகியிருப்பார். பையில் அடுப்புச் சாம்பல். காட்டுக்குள் இருபது அடிக்கு ஒரு முறை அதை விரலால் தட்டுவார். சாம்பல் ஒரு மூச்சுப் போலக் கிளம்பி, காற்று போகும் திசையில் சாய்ந்து கரையும். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் பாதையை மாற்றுவோம். அந்த மனிதரை இன்று நினைத்தால் முகத்துக்கு முன்னால் எனக்குத் தெரிவது அந்தச் சாம்பல்தான்.

அவரிடமிருந்து ஒருபோதும் ஒரு தேதியை வாங்க முடியாது. இதுதான் அவருடைய குணம். மற்றவையெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. எப்போது ஊருக்குப் போவீர்கள் என்று கேட்டால், வீரைப் பழம் முடியட்டும் என்பார். கூரை எப்போது வேய்வீர்கள் என்றால், குளத்தில் கொக்கு இறங்கின பிறகு என்பார். பொழுதைக் கழிக்கச் சொன்ன பதில்கள் அல்ல. கொக்கு இறங்கிய அன்றைக்கே கூரையில் ஏறியிருப்பார்.

அவருடைய மகளுக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டிவந்தது. பிறப்புப் பதிவு இல்லாததால், சத்தியக் கடதாசி முடிக்க என்னிடம் அழைத்து வந்தார். பிள்ளை எப்போது பிறந்தாள் என்று கேட்டேன்.

"மான் கொம்பு கழட்டின கிழமை, மொதலாளி."

எந்த ஆண்டு என்றேன். சற்று யோசித்து, பெரிய கொம்பனை முதலை இழுத்த வருஷம் என்றார். மகள் வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் ஒரு தேதியை நானே எண்ணிப் பார்த்து எழுதி, முத்திரையிட்டு, கையொப்பமும் வைத்தேன். அந்தப் பெண்ணின் பிறந்த நாள் இன்று வரை என் கையெழுத்தில் பிறந்ததுதான். அவர் தாளை வாங்கி மகளிடம் கொடுத்து, "இப்பதான் நீ பொறந்திரிக்கிற" என்றார். நான் சிரிக்கவில்லை. அலுவலக நேரத்தில் சிரிப்பது என் வழக்கமன்று.

வீதியில் என்னை மொதலாளி என்பார். வேலியைக் கடந்து காட்டுக்குள் கால் வைத்ததும் தம்பி என்பார். எந்த இடத்தில் மாறும் என்று நான் கவனித்திருக்கிறேன். தோட்டத்து எல்லையில் ஒரு பட்டுப்போன முதிரை மரம் நின்றது. அதைத் தாண்டியதும் மாறும். ஆரம்பத்தில் அது எனக்கு உறுத்தியது. பிறகு அந்த மரம் வருவதை எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

எல்லையிலிருந்து இரண்டு மைல் உள்ளே ஒரு வில்லு இருந்தது. காட்டின் நடுவே மழைநீர் தானாகத் தேங்கி நிற்கும் ஆழமற்ற ஏரியை எங்கள் பக்கத்தில் வில்லு என்போம். அதன் கரையில் பெரிய பாலை மரங்கள். பழம் விழும் காலத்தில் அந்த மரங்களின் கீழ் மண் மஞ்சளாகிவிடும். மேலே குரங்குகள் தின்று சிந்தும்; கீழே புள்ளிமான்கள் பொறுக்கும். மரத்துக்கும் மண்ணுக்கும் இடையில் இனிப்பான, சற்றே புளித்த மணம் ஒன்று நாள் முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கும்.

மான் இணைசேரும் காலத்தின் குரலை நான் முதன்முதலில் கேட்டது அங்கே, அப்படியொரு பழக் காலத்தில்தான். விடியற்காலை. நீரிலிருந்து மூடுபனி எழும்பி மரங்களின் இடுப்பு வரை நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு கலைமான் கூப்பிட்டது. கரகரத்துத் தொடங்கி, நீண்டு, முடியும் இடத்தில் கேள்வியைப் போல உயர்ந்த குரல். இன்னொரு பக்கத்திலிருந்து மற்றொன்று பதில் சொன்னது. பிறகு பனி தானே கூப்பிடுவது போல எல்லாத் திசையிலிருந்தும் கேட்டது. எந்த உலகத்தில் நிற்கிறேன் என்பது சில நிமிடங்கள் எனக்கு மறந்துபோயிற்று.

அவர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து அதே குரலைக் கொடுத்தார். ஆட்டுக் குரலையும் சேவற் குரலையும் விளையாட்டுக்குப் போடுவோர் பலர். இது அப்படியில்லை. அவருடைய நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு மான் எழுந்து நின்றது. பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய கொம்பன் வந்தது. கொம்பில் புல் சுற்றியிருந்தது, கழுத்து வீங்கியிருந்தது. முப்பது அடி தூரத்தில் எங்களைப் பார்த்தபடியே நின்றது. ஆனால் எங்களைக் காணவில்லை.

நான் துவக்கை உயர்த்தினேன். அவர் குழலின் மேல் ஒரு விரலை வைத்தார்.

"மாப்பிள்ளைய விடுங்க தம்பி. எறைச்சி மணக்கும்."

இணைசேரும் காலத்துக் கொம்பனை அவர் மாப்பிள்ளை என்றுதான் சொல்வார். கண்ணிருந்தும் பார்க்காது, காதிருந்தும் கேட்காது, பசித்தும் தின்னாது. சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பெல்லாம் கரைந்து, இறைச்சியில் முடைநாற்றம் ஏறியிருக்கும். சுடுவதற்கு அதைவிட இலகுவான மான் இல்லை. தின்பதற்கு அதைவிடக் கெட்ட மானும் இல்லை. இதில் இரக்கம் ஒன்றும் இல்லை என்றார். நல்ல மான் வேண்டுமானால் வேறு காலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது உங்களைத் தேட வைக்கும்.

வீட்டுக்கு வந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். அந்தப் புத்தகத்தில் நாட்களைப் பிறைக் கணக்கில் எழுதுவது எங்கள் குடும்ப வழக்கம். 'ரஜப் பிறை பன்னிரண்டு. வில்லில் மான்கள் கூப்பிடும் காலம்.' குளிர் நாடுகளில் மான்கள் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் இணைசேரும் என்று கல்லூரியில் படித்திருந்தேன். நம் நாட்டு மாதத்தை நான் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு திருப்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேட்டையில் வெடி வைக்கும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாமற் சுட்டு, நாம் போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டால் அந்த இறைச்சி ஆகாது. பலர் அதை வாய்க்குள் முணுமுணுப்பார்கள். நான் எதையும் சந்தேகத்துக்கு இடமில்லாமற் செய்பவன். 'பிஸ்மில்லாஹ்' என்று பக்கத்தில் நிற்பவர் சாட்சி சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டே விசையை இழுப்பேன். அவருக்கு இது பெரிய வேடிக்கை.

"ஒங்கட பிஸ்மியக் கேட்டே பாதி மான் தப்பிப் போகுது, தம்பி" என்பார்.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. என் தங்கைக்குக் கொழும்பில் ஒரு பெரிய குடும்பத்திலிருந்து சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் வேட்டைப் பிரியர். முழங்கால் வலியால் ஓய்ந்திருந்தவர். பேச்சுவாக்கில், மான் குரலுக்கு வருவதைத் தாம் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். நான் உள்ளே போய்க் குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்து அவர் முன்னாலேயே விரித்தேன். ரஜப் பன்னிரண்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்றைக்கு எழுந்தருளுங்கள், காட்டுகிறேன் என்றேன். அவர் என் புத்தகத்தையும் என்னையும் மெச்சிவிட்டுப் போனார்.

நானாவுக்குச் செய்தி அனுப்பியதும் அவர் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அண்டைக்கு ஒண்டும் கூப்பிடாது, மொதலாளி."

ஏன் என்றேன். பாலைக் காய் இன்னும் பச்சை என்றார். கொம்பு முளைத்து வளரும் காலத்தில் அதன் மேல் பூனைமயிர் போல ஒரு மெல்லிய தோல் மூடியிருக்கும். அவர் அதைப் பச்சைக் கொம்பு என்பார். தோல் காய்ந்து, மரத்தில் உரசி உரித்து, வெள்ளைக் கொம்பு வெளியே வந்த பிறகே கலைமான் கூப்பிடத் தொடங்கும். பச்சைக் கொம்போடு இருக்கிற மான் தன் நிழலுக்கும் ஒதுங்கி நடக்கும்.

"நம்மட நாட்டு மானுக்கு ஒரே மாசம் எண்டு இல்ல. கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். மத்தக் காடு எனக்குத் தெரியாது. இந்த வில்லுல மூணு கொம்பன் இரிக்கி. மூணும் பச்சைக் கொம்பு."

நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவர் அந்தப் பக்கத்தை மரியாதையோடு பார்த்தார்.

"அதுல எழுதியிரிக்கிறது மானுக்குத் தெரியாதே" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. கவலையோடுதான் சொன்னார். எனக்கு அது கேலியைவிடக் கடுமையாகப் பட்டது. வாக்குக் கொடுத்தாயிற்று, ஆயத்தப்படுத்துங்கள் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

படிப்பவர்களுக்கு என் பிழை இதற்குள் விளங்கியிருக்கும். பிறை மாதங்கள் பருவத்தோடு நிற்பவை அல்ல. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வந்துகொண்டிருப்பவை. ஆறு ஆண்டில் இரண்டு மாதத்துக்கு மேல். நோன்பு ஏன் ஒரு காலத்தில் கோடையிலும் இன்னொரு காலத்தில் மாரியிலும் வருகிறது என்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பிறருக்கு விளக்கியவன் நான். அந்தக் கணக்கை என் சொந்தப் புத்தகத்துக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நான் எழுதியதை நான் சரிபார்ப்பதில்லை. அன்றைய என் குணம் அது.

ரஜப் பன்னிரண்டு விடிந்தது. முதல் நாள் சித்திரை மழை பெய்திருந்ததால் பனி கனமாக இருந்தது. கொழும்பிலிருந்து வந்த பெரியவரை ஜீப்பில் வீதியோரம் பிளாஸ்க் தேத்தண்ணியோடு இருத்திவிட்டு, குரல் கேட்டதும் வந்து கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, நாங்கள் இருவரும் நடந்தோம். முதிரை மரத்தைத் தாண்டியதும் அவர் தம்பி என்றார்.

கரையில் பழ மணம் இல்லை. குரங்குகள் இல்லை. தண்ணீர் எங்கே முடிந்து பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு வெண்மை மட்டும் இருந்தது. அதற்குள் நின்றிருந்த பாலை மரங்கள் தூக்கத்தில் எழுந்து வந்தவை போலத் தெரிந்தன. அவர் சாம்பற் பையைத் தட்டினார். சாம்பல் எந்தப் பக்கமும் போகாமல் எங்களுக்கு நடுவிலேயே நின்றது.

"அசையாம நில்லுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் கரையைச் சுற்றிப் போனார். பனி அவரைக் கால் முதல் மேல்நோக்கி அழித்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அந்த அமைதியில் என் வாக்கு, தங்கையின் சம்பந்தம், ஜீப்பில் காத்திருக்கும் மனிதர், திறந்த குறிப்புப் புத்தகம் எல்லாம் என்னைச் சுற்றி நின்று என்னைப் பார்த்தன. அப்போது கூப்பிட்டது. கரகரத்துத் தொடங்கி, நீண்டு, கேள்வியாய் உயர்ந்தது. என் வாழ்வில் அதைப் போன்ற மகிழ்ச்சியை நான் அனுபவித்ததில்லை. நான் எழுதியது சரி. அவர் சொன்னது பிழை. பனிக்குள் பழுப்பாக ஒன்று அசைந்தது. அதன் மேல் கிளைத்த கொம்பு. பெரியவரிடம் குரல் கேட்ட செய்தியை மட்டும் ஏன் கொண்டுபோக வேண்டும், வெள்ளைக் கொம்பையே கொண்டுபோய் வைக்கலாமே என்று நினைத்தேன். தெளிவாக, வழக்கம்போல, பிஸ்மில்லாஹ் என்றேன். விசையை இழுத்தேன்.

வெடிச் சத்தம் பனிக்குள் நெடுநேரம் சுற்றியது. பின்னர் ஒரு மனிதக் குரல், அமைதியாக:

"தம்பி, மத்த வெடிய வைக்காதீங்க."

அவர் நீர்க்கரையில் குப்புறக் கிடந்தார். நான் கொம்பென்று கண்டது அவருக்குப் பின்னால் நின்ற காய்ந்த கிளை. பிஸ்மில்லாஹ் காதில் விழுந்ததும் கீழே விழுந்திருக்கிறார். சன்னங்கள் அவருடைய இடது கெண்டைக்காலை மட்டும் கிழித்திருந்தன. நான் என் சட்டையைக் கழற்றிக் கிழித்துக் கட்டினேன். முதல் முடிச்சு அவிழ்ந்துபோயிற்று; மறுபடி கட்டினேன். அவர் காலை அசைக்காமல் நீட்டியே வைத்திருந்தார்.

ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அந்த வேளையிலும் நான் கேட்டது அதைத்தான்.

"நான் சொல்லி நீங்க நம்பல்ல. கூப்பிட்டா ஒண்டும் பதில் குடுக்காது, கேட்டு வெளங்கிக்கொள்ளுவீங்க எண்டுதான்." பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அவ்வளவு நல்லாவா கூப்பிட்டன்?"

அவருடைய முகத்தில் வலியோடு கூட ஒரு பெருமை இருந்தது. சத்தியமாக இருந்தது.

ஒன்றும் கூப்பிடாது என்று அவர் சொல்லியிருந்தார். அதை நான் நம்பியிருந்தால், கேட்டது யாருடைய குரல் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காட்டில் அன்று கூப்பிடக்கூடியவர் ஒருவர்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒரு கணக்கை மட்டும் நான் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் குனிந்து அவரைத் தூக்கப் போனேன். கையால் தடுத்தார்.

"நீங்க துவக்கத் தூக்குங்க. இஞ்ச உட்டுட்டுப் போனா எவனும் எடுத்திருவான்."

ஒரு தடியை வெட்டித் தரச் சொன்னார். இரண்டு மைல். பனி கலைந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் முன்னே நடந்தார்; வழி அவருக்குத்தான் தெரியும். பாதையில் ஓரிடத்தில் நின்று தடியால் காட்டினார். புதருக்கு அப்பால் ஒரு கொம்பன் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அதன் கொம்பைப் பூனைமயிர்த் தோல் மூடியிருந்தது. வெயிலில் அதன் விளிம்பு ஒளிர்ந்தது. சத்தமில்லாமல் திரும்பி, இருந்ததற்கு அடையாளமில்லாமற் போய்விட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததற்காக நான் இன்றும் நன்றியுடையவன்.

முதிரை மரம் வந்தது.

"மொதலாளி," என்றார். "கட்டுத்துவக்கு. பண்டிக்கு எவனோ கட்டினது. நான் பாக்காமக் காலை வச்சிட்டன்."

கம்பி தட்டினால் வெடிக்கும்படி காட்டுப்பன்றிப் பாதையில் கட்டிவைப்பதைக் கட்டுத்துவக்கு என்போம். எங்கள் பக்கத்தில் அதில் கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் வாய் திறக்க எனக்கு அந்த மரத்திலிருந்து வீதி வரை இருநூறு யார் தூரம் இருந்தது. திறக்கவில்லை. வீதியில் பெரியவர் ஜீப்பை விட்டு இறங்கி நின்றார். கடைசி மேட்டில் நானா சற்றுச் சரிந்தபோது என் தோளைப் பிடித்தார். பெரியவர் கண்டது அந்தக் காட்சியைத்தான். வெற்றுடம்பெல்லாம் இரத்தம் படிந்த நான், என் தோளில் ஒரு காவலாளியின் கை. ஆஸ்பத்திரியில் நானா கட்டுத்துவக்கென்றே பொலிசுக்கு வாக்குமூலம் சொன்னார். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைத்தார். கீழே சமாதான நீதவானாகச் சாட்சிக் கையொப்பமிட்டவன் நான்.

தங்கையின் கலியாணம் சிறப்பாக நடந்தது. தன் ஏவலாளைத் தோளில் சுமந்து காட்டை விட்டு வந்த மனிதன் என்று பெரியவர் என்னைப் பந்தலில் அறிமுகப்படுத்தினார். நான் தலை குனிந்தேன். அதை அடக்கம் என்றார்கள்.

அவர் இடது காலைச் சற்று இழுத்தபடி அதே தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் காவலிருந்தார். அந்த விடியலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் பின்னர் காட்டுக்குப் போகவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை, முன்னறிவித்தல் இல்லாமல், புத்தளத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டுவார். கையில் ஒரு தேக்கிலைப் பொட்டலம். உள்ளே பாலைப் பழம், பிசுபிசுப்பாக, மஞ்சளாக. மேசையில் வைத்துவிட்டு ஒரே சொல் சொல்வார்.

"இப்பதான்."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார். அது மன்னிப்பா, பாடமா, இன்னும் ஒருநாள் நான் கேட்கக்கூடுமென்று செய்த முன்னேற்பாடா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. நான் ஒவ்வொரு முறையும் அந்தத் தேதியை ஆங்கில மாதக் கணக்கில் குறித்துவைத்தேன். எந்த இரண்டு ஆண்டும் ஒன்றாக இல்லை. ஒரு முறை மே மாதத் தொடக்கத்தில் வந்தார். ஒரு முறை ஜூன் பாதியும் கழிந்த பின்னர். அவர் மௌத்தாகிக் கண்மூடிய ஆண்டில் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் மலர் ஒன்று வெளிவந்தது. அதில் என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். கட்டுத்துவக்கில் அகப்பட்ட ஏழைக் காவலாளியை நான் இரண்டு மைல் தோளில் சுமந்து வந்து உயிர் காத்ததாக அதில் இருக்கிறது.

அது தவறு. அன்று கட்டுத்துவக்கு எதுவும் இருக்கவில்லை; சுட்டவன் நான். நான் அவரைச் சுமக்கவும் இல்லை. அவர் முன்னால் நடந்தார். நான் துவக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன்.